ஒரு சுற்றுக்கு ஒரு "டக்"

காட்டாங்குளத்தூரில் ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் என்ன செய்யலாம்? பொத்தேரியில் ரயில் ஏறித் தாம்பரம் போகலாம். ஜி.எஸ்.டி. ரோட்டோரம் நின்று டீ குடிக்கலாம். ரூமில் தூங்கலாம். இந்த மூன்றையும் விட்டுவிட்டு, கட்டி முடிக்காத ஒரு வீட்டின் பக்கத்தில் கொட்டி வைத்திருந்த கருங்கல் குவியலின் மேல் ஒரு பொம்மை ஜீப்பை ஏற்றிக்கொண்டிருந்தார்கள் இரண்டு பேர்.

பெயர்கள் வேண்டாம். ஒருவன் பி.காம். மூன்றாம் வருடம். இன்னொருவன் அவனுடைய ரூம்மேட், மெக்கானிக்கல் படிப்பவன். இருவரையும் படிப்பின் பெயராலேயே கூப்பிட்டுக்கொள்வோம். ஹாஸ்டலில் பாதிப் பேருக்கு அதுதானே பெயர்!

பொம்மை என்று சொன்னால் இரண்டு பேருக்குமே கோபம் வரும். அதற்குப் பெயர் கிராலர். சாதாரண ரிமோட் கார் ரோட்டில் பறக்கும். கிராலர் பறக்காது, ஊரும். மோட்டார் வேகமாகச் சுற்றினாலும், நடுவில் இருக்கும் கியர்கள் அந்த வேகத்தைக் குறைத்து இழுவையாக மாற்றிவிடும். கியர்பாக்ஸிலிருந்து முன்னுக்கு ஒரு ப்ரொபெல்லர் ஷாஃப்ட், பின்னுக்கு ஒன்று. ஷாஃப்டின் நுனியில் ஒரு சின்னப் பினியன். அது ஆக்ஸிலுக்குள் இருக்கும் பெரிய கிரவுன் வீலைச் சுற்றும். கிரவுன் சுற்றினால் இரண்டு பக்கச் சக்கரமும் சேர்ந்து சுற்றும். நம்ம ஊர் லாரியில் இருப்பதெல்லாம் இதில் உள்ளங்கை அளவில் இருக்கிறது.

விலை 14,000 ரூபாய். ஆளுக்கு 7,000. பி.காம். இரண்டு மாதம் பத்தாவது பையன்களுக்குக் கணக்கு ட்யூஷன் எடுத்துச் சேர்த்த பணம் அது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜீப் கல்லில் ஏறவில்லை. பாதி ஏறும், "டக்" என்று ஒரு சத்தம் வரும், முன் சக்கரம் ஒரு நொடி நின்று திணறும், பிறகு சறுக்கிக் கீழே வரும். சமதளத்தில் வேகமாக ஓட்டினால் ஒன்றுமே தெரியவில்லை. மெதுவாக ஏற்றினால்தான் "டக்". மோட்டாரைத் தொட்டால் சுட்டது.

"போன வாரம் ஏரிக்கரையில தண்ணிக்குள்ள விட்டியா?" என்று கேட்டான் பி.காம்.

"ஓரமா ரெண்டு நிமிஷம் விட்டேன். சக்கரம்கூட முழுசா முங்கலடா."

"அதான். பேரிங் போச்சு. ஏழாயிரம் ரூபா மச்சி, எனக்குச் சும்மா வரல."

"நான் கெடுத்தேன்னு முடிவே பண்ணிட்டியா? சரி. நீயே பாத்துக்க."

மெக்கானிக்கல் ரிமோட்டைக் கல்லின் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டான். அன்றிலிருந்து ஒன்பது நாள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஒரே ரூம். இரண்டு கட்டிலுக்கும் நடுவில் நான்கு அடி. விளக்கை யார் அணைப்பது என்பதைக்கூட இருமலால் தீர்மானித்துக்கொண்டார்கள்.

பலத்தைக் கூட்டினால்?

வண்டி திணறுகிறதா, மோட்டாருக்குத் தெம்பு போதவில்லை. பி.காம். இப்படித்தான் யோசித்தான். 1,100 ரூபாய் கொடுத்து இன்னும் பலமான மோட்டார் ஒன்றை வரவழைத்து மாட்டினான். முதல் பத்து நிமிடம் அமர்க்களம். "டக்" சத்தம் வந்தது, ஆனால் வண்டி நிற்கவில்லை, முரட்டுத்தனமாகத் தாண்டிப் போனது. பதினோராவது நிமிடம் "படக்". முன் ப்ரொபெல்லர் ஷாஃப்டின் பிளாஸ்டிக் ஜாயின்ட் முறுக்கிக்கொண்டு உடைந்தது.

எங்கோ ஒரு இடத்தில் ஏதோ ஒன்று சுற்ற மறுக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் பின்னாலிருந்து தள்ளும் பலத்தை மட்டும் கூட்டினால், அந்தப் பலம் போகிற வழியில் எது நோஞ்சானோ அது உடையும். சிக்கல் அங்கேயேதான் இருக்கும். கூடவே புதுச் செலவு ஒன்று சேரும்.

காமர்ஸ் படித்தவனுக்கு இது தெரியாத விஷயம் இல்லை. இருப்பாய்வில், அதாவது ட்ரையல் பேலன்ஸில், இரண்டு பக்கமும் ஒத்துவரவில்லை என்றால் வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் போட்டு மொத்தத்தைச் சமமாக்கலாம். தாளில் பார்க்க அழகாக இருக்கும். பிழை மட்டும் எங்கே இருந்ததோ அங்கேயே இருக்கும். புது மோட்டாருக்குக் கொடுத்த 1,100 ரூபாய் ஒரு அனாமத்துக் கணக்கு.

சாக்பீஸ் கோடு

ஜாயின்ட் உடைந்த மறுநாள் கூடுவாஞ்சேரியில் ஒரு வேன் மெக்கானிக் கடை வாசலில் வண்டியோடு போய் நின்றான். கடைக்காரருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வண்டியைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தவர் சிரித்தார்.

"கிரவுன், பினியன் எல்லாம் வெச்சிருக்கானே! இது எங்க சாதிதான். எப்படி இடிக்குது தம்பி?"

"டக்குனு ஒரு சத்தம் வருதுண்ணே."

"சத்தம் எல்லா வண்டியிலயும்தான் வரும். சக்கரத்துல சாக்பீஸால ஒரு கோடு போடு. கையால மெதுவா சுத்து. ஒரு சுத்துக்கு எத்தன தடவ இடிக்குதுன்னு எண்ணு. எங்க கோளாறுன்னு அதுவே சொல்லிடும்."

அவர் சொன்னதில் ஒரு கணக்கு இருக்கிறது. கியர் வண்டியில் எல்லா பாகமும் ஒரே வேகத்தில் சுற்றுவதில்லை. இந்த ஜீப்பில் சக்கரம் ஒரு முறை சுற்ற, ப்ரொபெல்லர் ஷாஃப்டும் பினியனும் ஏறக்குறைய மூன்று முறை சுற்ற வேண்டும். மோட்டாரோ பல பத்து முறை. ஆகவே சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு மூன்று முறை இடித்தால் குற்றவாளி ஷாஃப்ட் பக்கம். ஒரே ஒரு முறை இடித்தால், சக்கரத்தின் வேகத்திலேயே சுற்றும் ஏதோ ஒன்று. படபடவென்று இடைவிடாமல் உரசினால் மோட்டார் பக்கத்துக் கியர்.

இருப்பாய்விலும் இதே தந்திரம் உண்டு. வித்தியாசத் தொகையை 2-ஆல் வகுத்துப் பார்க்கச் சொல்வார்கள். அந்தப் பாதித் தொகைக்கு ஒரு பதிவு இருந்தால், பற்றில் போக வேண்டியது வரவில் போயிருக்கலாம். வித்தியாசம் 9-ஆல் மீதியில்லாமல் வகுபட்டால் இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம். 540-ஐ 450 என்று எழுதினால் வித்தியாசம் 90. பிழை எந்த மாதிரி என்று தெரிந்துவிட்டால், எல்லாப் பக்கத்தையும் புரட்ட வேண்டியதில்லை.

திறந்து பார்க்க முடியாத சக்கரம்

சக்கரக் கோளாறுகளில் உலகப் புகழ்பெற்ற ஒன்று உண்டு. அது நடந்தது செவ்வாய் கிரகத்தில்.

நாசாவின் ஸ்பிரிட் ரோவர் 2004 ஜனவரியில் குசேவ் என்ற பெரும்பள்ளத்தில் இறங்கியது. ஆறு சக்கரம், ஒவ்வொன்றுக்கும் தனி மோட்டார். அதிகபட்ச வேகமே நொடிக்கு 5 சென்டிமீட்டர்தான். அதுவும் ஒரு கிராலர் என்று தாராளமாகச் சொல்லலாம். 90 செவ்வாய் நாட்கள் உழைத்தால் போதும் என்று கட்டப்பட்டது. அது 3 கிலோமீட்டருக்கு மேல் ஓடிய பிறகு, 2004-ன் நடுவில், முன் வலது சக்கரத்தின் மோட்டார் மற்ற சக்கரங்களைவிட இரண்டு மூன்று மடங்கு மின்சாரம் இழுக்க ஆரம்பித்தது. எதுவோ இறுக்கிப் பிடிக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

கலிபோர்னியாவின் பாசடீனாவில் இருந்த பொறியாளர்களுக்குச் சத்தம் கேட்காது. சாக்பீஸ் கோடு போட முடியாது. அங்கிருந்து ஒரு சிக்னல் போய்ச் சேரவே, கிரகங்கள் நிற்கும் இடத்தைப் பொறுத்து, 3 முதல் 22 நிமிடம் வரை ஆகும். அவர்களிடம் இருந்ததெல்லாம் எண்கள்தான். எந்த மோட்டார் எவ்வளவு மின்சாரம் இழுத்தது, எவ்வளவு சூடானது என்ற எண்கள். சக்கரத்தின் கியருக்குள் இருக்கும் மசகு ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கலாம் என்று நினைத்து, அதைச் சூடாக்கினார்கள். முன்னும் பின்னும் உருட்டிப் பார்த்தார்கள். பிறகு அந்தச் சக்கரத்துக்கு ஓய்வு கொடுத்து, ஐந்து சக்கரத்தில், பெரும்பாலும் ரிவர்ஸில் ஓட்டினார்கள். மிகவும் தேவைப்பட்டபோது மட்டும் ஆறாவதைப் பயன்படுத்தினார்கள். பிடிப்பு பிற்பாடு தளர்ந்து, சக்கரம் மீண்டும் உழைத்தது.

2006 மார்ச்சில் அதே சக்கரத்தின் மோட்டார் நிரந்தரமாக நின்றது. இந்த முறை மசகு காரணமில்லை. மோட்டாருக்குள் மின்சாரம் கடத்தும் பிரஷ்கள் தொடர்பு விட்டிருக்கலாம் என்று கருதினார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அதே சக்கரம், அதே நிற்றல். ஆனால் வேறு நோய். முன்பு பலித்த மருந்தையே திரும்பக் கொடுத்துக்கொண்டிருந்தால் காலம்தான் போயிருக்கும். குளிர்காலம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. சூரிய ஒளி விழும் சரிவுக்குப் போகாவிட்டால் ரோவரே செத்துவிடும். செத்த சக்கரத்தை இழுத்துக்கொண்டு ரிவர்ஸிலேயே போய் ஒரு சரிவில் ஒதுங்கி, அந்தக் குளிர்காலத்தைத் தாண்டியது ஸ்பிரிட்.

அந்தச் சக்கரம் மண்ணில் ஏர் உழுத மாதிரி ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தது. 2007-ல் அந்தக் கோட்டில் வெள்ளையாக எதுவோ பளிச்சிட்டது. சோதித்தால் சுமார் 90 சதவீதம் சிலிக்கா. ஒரு காலத்தில் அங்கே வெந்நீரோ நீராவியோ இருந்திருக்க வேண்டும் என்பதற்கு நல்ல சாட்சி. சுற்றும் சக்கரம் அதைத் தோண்டியிருக்காது.

2009 மே மாதம் ஸ்பிரிட் பொடிமண்ணில் புதைந்தது. உடனே "முழு பலத்தோடு இழு" என்று யாரும் கட்டளை அனுப்பவில்லை. பாசடீனாவில் அதே மாதிரி மண்ணைக் கலந்து கொட்டி, சோதனை ரோவரை அதில் புதைத்து, மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்தார்கள். நவம்பரில் பின் வலது சக்கரமும் நின்றது. நான்கு சக்கரத்தில் வெளியே வர முடியவில்லை. 2010 மார்ச் 22-க்குப் பிறகு அதனிடமிருந்து பேச்சில்லை. அப்போதும் அது 90 நாளுக்குப் பதில் ஆறு வருடம் உழைத்திருந்தது.

இந்த ஒத்திகை வேலையில் தமிழ்நாட்டு மண்ணுக்கும் பங்கு உண்டு. சந்திரயான் ரோவரைப் பூமியிலேயே சோதிக்க நிலா மண் மாதிரி மண் வேண்டும். நிலவின் மேட்டு நிலத்தில் இருக்கும் அனார்த்தோசைட் வகைப் பாறை நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி, குன்னமலை பகுதியில் கிடைக்கிறது. அதை அரைத்துப் பெங்களூருக்குக் கொண்டுபோய்ப் பரப்பித்தான் சோதனை செய்தார்கள். 2023 ஆகஸ்ட் 23-ல் இறங்கிய சந்திரயான்-3-ன் பிரக்யான் ரோவர் 26 கிலோ, ஆறு சக்கரம், நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் வேகம். சுமார் 100 மீட்டர் ஊர்ந்தது. அந்தத் திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். பொறியியல் படித்தது மேற்குத் தாம்பரம் ஸ்ரீ சாய்ராம் கல்லூரியில். பொத்தேரியிலிருந்து ரயிலில் கொஞ்ச தூரம்தான்!

குற்றவாளி

சரி, ஜீப்புக்கு வருவோம். பி.காம். இரவு பத்து மணிக்குத் தரையில் பேப்பர் விரித்து உட்கார்ந்தான். எதிர்க் கட்டிலில் மெக்கானிக்கல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான்.

முதலில் பேட்டரியைக் கழற்றினான். கியருக்குள் விரல் இருக்கும்போது வண்டி உயிர் பெறக் கூடாது. அடுத்து இரண்டு ப்ரொபெல்லர் ஷாஃப்டையும் கழற்றினான். இப்போது வண்டி மூன்று துண்டு: முன் ஆக்ஸில், நடு கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில். நடுவைச் சுற்றினான், வழுவழு. பின்னைச் சுற்றினான், வழுவழு. முன்னைச் சுற்றினான், "டக்".

சக்கரத்தில் சாக்பீஸ் கோடு போட்டு மெதுவாக எண்ணினான். ஒரு சுற்றுக்கு ஒரு டக். பத்துச் சுற்றுக்குப் பத்து டக். பினியனும் அதன் பேரிங்கும் நிரபராதி. ஸ்டியரிங்கை ஒடித்துச் சுற்றினாலும் நேராக வைத்துச் சுற்றினாலும் அதே டக். எனவே சக்கரத்தோடு திரும்பும் ஜாயின்ட்டுகளும் நிரபராதி. மிச்சம் இருந்தது சக்கரப் பேரிங், ஆக்ஸில் தண்டு, கிரவுன் வீல்.

சக்கரங்களையும் தண்டுகளையும் உருவினான். ஏரித் தண்ணீர் எங்கேயாவது போயிருந்தால் அந்தப் பேரிங்குகளுக்குத்தான் முதலில் போயிருக்கும். விரலில் மாட்டிச் சுற்றிப் பார்த்தான். துரு இல்லை. மணல் இல்லை. புதுசு மாதிரி சுற்றின. சக்கரமே இல்லாத ஆக்ஸிலில் பினியனைக் கையால் திருப்பினான். இன்னமும் "டக்".

அப்படியானால் தண்ணீரும் நிரபராதி. எதிர்க் கட்டிலை ஒரு முறை பார்த்தான். பேசியிருக்கலாம். பேசவில்லை. முழு விடையும் தெரியட்டும் என்று ஆக்ஸிலின் மூடியைத் திறந்தான்.

நான்கு ஸ்க்ரூ. மூடியை எடுத்துவிட்டுச் சுற்றினால் டக் இல்லை! பல் ஒன்றுகூட உடைந்திருக்கவில்லை. கிரீஸ் சுத்தமாக இருந்தது. எதையும் மாற்றாமல் மூடியை மறுபடி மாட்டினான். "டக்". திறந்தான், இல்லை. மூடினான், வந்தது. திறந்து பார்க்கும்போது ஒளிந்துகொள்ளும் கோளாறு!

பதினைந்து நிமிடம் கிரவுன் வீலையே முறைத்துக்கொண்டிருந்தவன், கடைசியில் மூடியின் பக்கம் பார்த்தான். பேப்பரில் வரிசையாக வைத்திருந்த நான்கு ஸ்க்ரூவில் மூன்று ஒரே உயரம். நான்காவது அவற்றைவிட 4 மில்லிமீட்டர் நீளம். அதன் நுனி மட்டும் கறுப்புப் போய் வெள்ளி மாதிரி மின்னியது. உள்ளே கிரவுன் வீலைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களில் ஒன்றின் தலை மயிரிழை மேலே நின்றது. நீண்டுவிட்ட ஸ்க்ரூ நுனியில் அந்தத் தலை சுற்றுக்கு ஒரு முறை போய் முட்டியது. வேகமாக ஓட்டினால் வண்டியின் வேகமே அதைத் தாண்டவைத்துவிடும். மெதுவாக ஏறும்போதுதான் மாட்டும்.

அந்த நீள ஸ்க்ரூ அங்கே எப்படி வந்தது?

மூன்று வாரத்துக்கு முன் ஒரு மத்தியானம். கிரீஸ் போட மூடியைத் திறந்ததும், ஒரு ஸ்க்ரூ கைதவறிக் கட்டிலுக்கு அடியில் ஓடியதும், தேடச் சோம்பல்பட்டு டப்பாவிலிருந்து வேறொன்றை எடுத்து முடுக்கியதும் பி.காமுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஏரிக்கரைக்கு வண்டி போனது அதற்குப் பிறகு. டப்பாவில் இருந்து எடுத்த கை அவனுடைய கை.

மணி பன்னிரண்டரை. சரியான நீளத்தில் ஒன்றைத் தேடி மாட்டிவிட்டு, "ஏதோ தானா சரியாயிடுச்சு" என்று காலையில் சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியாது. அந்த யோசனை அவனுக்கு வராமல் இல்லை. நன்றாகவே வந்தது. கட்டிலுக்கு அடியில் மொபைல் வெளிச்சம் அடித்தான். பழைய செருப்புக்குப் பின்னால், தூசிக்குள், குட்டை ஸ்க்ரூ கிடைத்தது.

செவ்வாய் கிரகத்துச் சக்கரத்தைத் திறந்து பார்க்கக் கொடுத்துவைக்காதவர்கள்கூட ஒவ்வொரு எண்ணாகப் பார்த்துத்தான் ஒரு முடிவுக்கு வந்தார்கள். இவனுக்கோ ஸ்க்ரூ டிரைவர் கையில் இருந்தது, கேட்க வேண்டிய ஆள் நான்கு அடியில் இருந்தான். இருந்தும் முதல் நாளே, ஒரு ஸ்க்ரூகூடக் கழற்றாமல், குற்றவாளி யார் என்று தீர்ப்பு எழுதிவிட்டான்.

இரண்டு ஸ்க்ரூவையும் மெக்கானிக்கலின் மேஜை மேல், பக்கத்தில் பக்கத்தில் நிற்கவைத்துவிட்டுப் படுத்தான்.

காலையில் எழுந்த மெக்கானிக்கல் அவற்றைப் பார்த்தான். நீளமானதை எடுத்து, நுனியின் மினுமினுப்பை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். படிப்பு அவனைக் கைவிடவில்லை, ஒரு நிமிடத்தில் முழுக் கதையும் புரிந்துவிட்டது.

"யார் போட்டது?"

"நான்தான். கிரீஸ் போட்ட அன்னிக்கு."

கொஞ்ச நேரம் பதில் இல்லை. பொத்தேரியைத் தாண்டி ஒரு ரயில் செங்கல்பட்டுப் பக்கம் போகிற சத்தம் மட்டும் கேட்டது.

"மோட்டார் ஆயிரத்து நூறு, ஜாயின்ட் தனி. அதுல என் பங்குன்னு ஒத்தப் பைசா கேக்கக் கூடாது."

"கேக்க மாட்டேன்."

"அப்ப சாயந்திரம் கல்லுக்குப் போலாம். ஜாயின்ட்ட நான் மாட்டுறேன். ஸ்க்ரூ டப்பாவ மட்டும் நீ தொடாத."